எழுதிய படம்

அத்தியாயம் ஒன்பது

"ஊசியைக் குத்தினா போதும் சார், பதில் தானா விழும்" என்றார் கலியாணசுந்தரம்.

குத்தினார். தூக்கினார். ஒரு குலுக்கு குலுக்கினார். ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள் ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருக்க, மூன்றே மூன்று மட்டும் மேசையில் விழுந்தன.

"கண் வைத்தியம் தெரிஞ்சவங்க, இந்த ஊர்ல மூணு பேரு. எண்ணிப் பாக்கறதுக்குள்ள பதில் வந்திருச்சு பாத்தீங்களா?"

துப்பறியும் சேதுபதி பார்த்தார். அவருடைய உதவியாளர் மல்லிகாவும் பார்த்தாள். சேதுபதியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மல்லிகாவின் வாயோ சும்மா இருக்காது.

"ஆயிரம் பேர்ல மூணே பேரைப் பொறுக்கி எடுக்குதே! எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப இந்த ஊசி எங்க சார் இருந்துச்சு?"

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. பாவம், சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. தபால் நிலையத்தில் இருபத்தைந்து வருஷம் கடிதம் பிரித்த கிராணி, அதாவது குமாஸ்தா, அவர். ஓய்வு பெற்றதும் காஜா பேராங் சாலையில் ஒரு கடைவீட்டைப் பிடித்து, 'விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டினார். பல் பிடுங்க யாரிடம் போவது, நல்ல தையல்காரர் எங்கே இருக்கிறார், வாடகைக்கு அறை எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் வந்து கேட்பார்கள். இவர் ஊசியைக் குத்துவார்.

சூட்சுமம் இதுதான். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அட்டை. அட்டையின் ஓரம் முழுக்க வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு கேள்வி. பதில் 'ஆமாம்' என்றால் அந்தத் துளையை ஓரம் வரைக்கும் வெட்டிவிடுவார். கட்டாகச் சேர்த்து, கம்பளி பின்னுகிற ஊசியை அந்தத் துளைக்குள் விட்டுத் தூக்கினால், வெட்டு உள்ள அட்டை நிற்க முடியாமல் விழுந்துவிடும். மற்றவை தொங்கும். இதை அவர் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தார், அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. இன்று காலை வரை இருந்தது.

"விழுந்த மூணுல எதை முதல்ல குடுப்பீங்க?" என்று கேட்டார் சேதுபதி.

"படம் ஒட்டின அட்டையைத்தான் சார். மெர்டேக்கா, அதான் சுதந்திர விழா, முடிஞ்ச கையோட கொண்டு வந்த ஏற்பாடு. ஊர்ல போலி ஆளுங்க பெருத்துப் போச்சு. அதனால நம்பிக்கையான ஆளா பாத்துப் பொறுக்கி, ஸ்டூடியோவுக்கு அனுப்பிப் படம் எடுத்து ஒட்டினோம். படம் இருந்தா அந்த ஆளுக்கு நான் பொறுப்பு. ஜனங்களுக்குப் பாதுகாப்பா இருக்கட்டுமேன்னுதான்..."

மூன்றில் படம் ஒட்டிய ஒரே அட்டையைச் சேதுபதியின் பக்கம் தள்ளினார்.

பொன்னுதுரை, கண் வைத்தியர், கிளேபாங். தலையை வழித்துச் சீவி, மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு முகம். மூன்று வாரத்துக்கு முன்னால் புக்கிட் காதிலிருந்து பாக்கியம் என்ற அம்மாள் கண் உறுத்துகிறது என்று வந்து கேட்டிருக்கிறாள். இந்த அட்டையைக் காட்டித்தான் அனுப்பினார்கள். பொன்னுதுரை ஏதோ சொட்டு மருந்து விட்டான். அவளுக்கு வலது கண் போய்விட்டது. அவன் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான். ஆறு மாதத்துக்கு முன்பே இதே ஆள் வேறொருவருடைய கண்ணைக் கெடுத்தவன் என்று இப்போதுதான் ஊர் பேசுகிறது.

சேதுபதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஒரு பெண்ணுக்குக் கண் போனதைக் கேட்டால் மனுஷனுக்கு மனசு பதற வேண்டும். அவருக்குப் பதறவில்லை. கம்யூனிஸ்டுகளை அரசாங்கம் வேட்டையாடிய அவசரகாலத்தில் எட்டு வருஷம் தடுப்பு முகாம்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். பிடிபட்டவர்கள் தமிழிலும் மலாயிலும் அழுவார்கள், கெஞ்சுவார்கள். அதை இவர் இங்கிலீஷில் துரைக்குச் சொல்வார். சிலர் வீட்டுக்குப் போனார்கள், சிலரைக் கப்பலேற்றினார்கள். காதில் வாங்குவது, வாயால் கொடுப்பது, நடுவில் எதையும் வைத்துக்கொள்ளாதது என்று பழகினார். வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது, உள்ளே மரத்துப் போனது மரத்துப் போனதுதான்.

"இந்த ஆளோட அட்டைக்குப் படம் எப்படி வந்துச்சு?"

"அதான் சார் கேஸு! நான் குடுக்கல. கமலவேணிதான் கள்ளத்தனமா ஒட்டியிருக்கணும். அட்டை எழுதற கிராணிங்கள்ல ஒருத்தி. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வராரு, அவளை ஒப்படைக்கப் போறேன். அந்தப் பொன்னுதுரைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

பின்னறையில் கமலவேணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாரோங், கெபாயா சட்டை, நெற்றியில் விபூதி, நாற்பது வயது இருக்கும். காஜா பேராங்கின் செட்டிக் குடும்பத்துப் பெண். பெயரும் கோயிலும் தமிழ், வீட்டில் பேசுவதோ மலாய். தமிழில் பத்து இருபது வார்த்தை வரும்.

சேதுபதி மலாயில் கேட்டார். பொன்னுதுரையின் அட்டையைக் காட்டி, இதிலே உள்ள படம் யாருடைய வேலை என்றார். படம் என்ற வார்த்தையை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டார்.

அவள் தயங்கவே இல்லை. "யா, என்சே. படம் து சாயா துலிஸ்."

"என்ன சார் சொல்றா?" என்று கலியாணசுந்தரம் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். வியாபார மலாய் அவருக்கு வரும், ஆனால் செட்டிகளின் வேகப் பேச்சு பிடிபடாது.

"ஒத்துக்கிறாங்க" என்றார் சேதுபதி. "படம் அவங்க வேலைதான்."

"போச்சா! ஒத்துக்கிட்டாளா!"

கமலவேணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்காக முதலாளி தலையில் கை வைக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அதைச் சேதுபதி கவனிக்கத்தான் செய்தார். கவனித்ததை எடுத்து வைக்க உள்ளே இடமில்லை.

மல்லிகா அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். படத்தின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. நகத்தால் நெம்பினாள். பின்பக்கம் ஊதா மையில் ஒரு முத்திரை.

"ஜெயபாலன் ஸ்டூடியோ. ஆளு ஓடிப் போனாலும் அட்ரஸை விட்டுட்டுப் போயிருக்கான் சார்."

மணி இரண்டரை.

*

ஸ்டூடியோ ஒரு மைல்கூட இல்லை. பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷா பிடித்துப் போனார்கள். மெர்டேக்காவுக்குக் கட்டிய அலங்கார வளைவு ஒன்று சாலையின் குறுக்கே இன்னும் நின்றது. இரண்டு மாத மழையில் அதன் காகிதப் பூ எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் மல்லிகா. டெலிபோன் நிலையத்தில் பத்து வருஷம் மற்றவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்டே வளர்ந்தவள். கேள்வி கேட்காமல் அவளால் கால் மைல் போக முடியாது.

"கேளு."

"தப்புப் பண்ணவ 'ஆமா, நான்தான்'னு பசியாறினதைச் சொல்ற மாதிரி சொல்லுவாளா? டெலிபோன்ல எத்தனை திருட்டுத்தனம் கேட்டிருக்கேன். திருடன் பேசினா மூச்சு முதல்ல மாறும் சார். அவ மூச்சு மாறவே இல்லலா."

"ஒத்துக்கிட்டாங்க, மல்லிகா."

"நீங்கதான் ஒத்துக்கிட்டான்னு சொன்னீங்க. அவ என்ன சொன்னான்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

பெச்சா ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

ஜெயபாலன் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நாலு பேனா, விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. பொன்னுதுரையின் படத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"நான் எடுத்ததுதான். மீசையை முறுக்க மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கிட்டான் மனுஷன்."

"யார் கூட்டிக்கிட்டு வந்தாங்க? ஒரு பொம்பளையா?"

"யாரும் கூட்டிக்கிட்டு வரல. லெட்டரோட வந்தாரு. விசாரணை நிலையத்துல இருந்து நாப்பத்து மூணு பேருக்கு லெட்டர் போயிருந்துச்சுலா. எனக்கும் ஒரு லிஸ்ட் வந்துச்சு, இந்த நாப்பத்து மூணு பேருக்கும் படம் எடுங்கன்னு. இருங்க, எடுத்துத் தரேன்."

மேசை இழுப்பறையைக் கிளறி ஒரு தாளை எடுத்துப் போட்டார். கட்டம் போட்ட தாள், தபால் நிலையத்துக் கிராணிகளுக்கே உரிய குண்டு குண்டான எழுத்து. முப்பத்தேழாவது பெயர் பொன்னுதுரை. கடைசியில் கையெழுத்து: கலியாணசுந்தரம்.

மல்லிகா மெதுவாக விசிலடித்தாள்.

"சார், நம்ம கட்சிக்காரரே கவுத்துட்டாரு. படம் எடுக்கச் சொன்னது அவரு. பழி அவ மேல. அந்தப் பொன்னுதுரைகிட்ட இவருதான் ஏதோ வாங்கிக்கிட்டு..."

"இரு" என்றார் சேதுபதி.

தப்புச் செய்தவன் தன் கையெழுத்தை வைத்துவிட்டுத் துப்பறிகிறவனை ஏன் கூப்பிட வேண்டும்? ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது உள்ளிருந்த இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு ஸ்டூடியோவில் வேலை செய்கிற மலாய்க்காரர் வெளியே வந்தார். ஜெயபாலன் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஹசான், லம்பு படம்!"

ஹசான் மறுபடி உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

"தினம் இதே தொல்லை. போர்டே மாட்டி வெச்சிருக்கேன், பாக்க மாட்டேங்குறாரு" என்று ஜெயபாலன் கதவைக் காட்டினார். விளக்குச் சுவிட்சுக்கு மேலே ஒரு சின்னப் பலகை, ரோமன் எழுத்தில் பெரிதாக: PADAM LAMPU.

"படம் புடிக்கிற கடையில 'படம்'னு போர்டு போட்டாத்தான் ஞாபகம் இருக்குமாக்கும்" என்று மல்லிகா சிரித்தாள்.

சேதுபதி சிரிக்கவில்லை. பலகையைப் படித்தார். மறுபடி படித்தார். அவருக்குத் தெரியாத வார்த்தையா? குழந்தைக்குக்கூடத் தெரியும். மலாயில் படம் என்றால் அணை, அழி, இல்லாமல் செய்.

"மல்லிகா, படத்தை யாராவது எழுதுவாங்களா?"

"என்ன சார்?"

"போட்டோவை. ஒட்டலாம், எடுக்கலாம், மாட்டலாம். எழுத முடியுமா?"

"எழுதறதா? என்ன சார், வெயில் ஒத்துக்கலையா?"

"அவங்க 'துலிஸ்'னு சொன்னாங்க. படம் து சாயா துலிஸ். அந்தப் படத்தை நான்தான் எழுதினேன்னு. ஒட்டினேன்னு சொல்லல."

மணி மூன்றே கால்.

*

அவர்கள் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். கமலவேணியைப் பின்னறையிலிருந்து அழைத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். கையில் சின்னத் துணிப்பை. மாத்தா மாத்தா, அதாவது போலீஸ், கூட்டிக்கொண்டு போனால் உடுத்த மாற்றுத்துணி வேண்டுமே என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள்.

சேதுபதி நேராகப் போய்ப் பொன்னுதுரையின் அட்டையை எடுத்தார். மூலை பெயர்ந்திருந்த படத்தை முழுதாக உரித்தார். படம் மறைத்திருந்த இடத்தில், பென்சிலில், வட்டம் போட்டு ஒரு வார்த்தை இருந்தது: PADAM.

"இது யாரு எழுத்து?"

கலியாணசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "கமலவேணி எழுத்து."

"இதைப் பாத்துத்தான் பொன்னுதுரையை லிஸ்ட்டுல சேத்தீங்களா?"

"எந்த லிஸ்ட்டு?"

சேதுபதி கட்டம் போட்ட தாளை மேசையில் வைத்தார். கலியாணசுந்தரம் தன் கையெழுத்தை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"நான்... ஆமா, லிஸ்ட்டு நான்தான் எழுதினேன். ஆளு பேரையா பாத்தேன்? மத்த கிராணிங்க எழுதினதோட சேத்து, PADAMனு எழுதின அட்டையை எல்லாம் எடுத்து வரிசையா காப்பி பண்ணினேன். படம் வந்ததும் அந்தக் கிராணிங்களே ஒட்டிட்டாங்க போல. அதான் நோட்டீஸ்லயே சொல்லியிருக்கேனே!"

சுவரில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. நம்பிக்கையான ஆட்களின் அட்டையில் PADAM என்று எழுதவும், அவர்களிடம் படம் கேட்டு வாங்கப்படும். எல்லாம் தமிழெழுத்து, அந்த ஒரு வார்த்தை மட்டும் ரோமன்.

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு நிமிஷம்" என்ற சேதுபதி கமலவேணியின் பக்கம் திரும்பி, அந்த நோட்டீஸைப் படிக்கும்படி மலாயில் சொன்னார்.

அவள் நோட்டீஸைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"படிக்கத் தெரியாதா?" என்று கலியாணசுந்தரம் எழுந்தே விட்டார். "கமலவேணின்னு பேரு வெச்சிக்கிட்டுத் தமிழ் படிக்கத் தெரியாதா?"

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் மல்லிகா.

அவர் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார், நோட்டீஸை மாட்டினார்.

சேதுபதி நிதானமாகச் சொன்னார். "அட்டை வேலை எல்லாம் ரோமன்ல நடக்குது. அவங்க மலாய்க்காரங்க மாதிரி நினைக்கிறவங்க. பொன்னுதுரை கண்ணைக் கெடுக்கிறான்னு ஊருக்கு முந்தியே இவங்க காதுல விழுந்திருக்கணும், 'இதை அழிச்சிரு'ன்னு அட்டையில எழுதியிருக்காங்க. PADAM. அட்டையைக் கிழிக்கிற உரிமை உங்களுக்குத்தான், அதனால உங்க மேசைத் தட்டுல போட்டிருப்பாங்க. நீங்க அதைத் தமிழ்ல படிச்சீங்க. அழிக்கச் சொன்ன ஆளை முதல் ஆளாக்கிட்டீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மத்தியானம் இந்தம்மா ஒத்துக்கிட்டதா சொன்னாங்களே?"

"ஒத்துக்கல. 'படம்'னு எழுதினது நான்தான்னு சொன்னாங்க. தப்பா மொழிபெயர்த்தது நான்."

அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஒரு பெண்ணைக் கம்பிக்குப் பின்னால் அனுப்ப இருந்த வார்த்தை தன் வாயிலிருந்து போயிருக்கிறது. முகாமில் இப்படி எத்தனை வார்த்தை போயிற்று என்ற கேள்வி வந்தது. வந்ததை இந்த முறை வெளியே தள்ள அவரால் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் ஒன்று வேண்டும் என்றார். சேதுபதி எழுதினார். கமலவேணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் பேனாவை எடுத்துவிட்டார்.

"என்ன?" என்றார் கலியாணசுந்தரம்.

"உங்ககிட்ட வாயாலயும் சொன்னாங்களாம். அட்டையைத் தட்டுல போட்ட அன்னிக்கு. பொன்னுதுரைன்னு பேரைச் சொல்லி, 'படம், படம்'னு ரெண்டு தடவை. நீங்க சிரிச்சிக்கிட்டே 'ஆமா ஆமா, படம்'னு சொன்னீங்களாம். சரி, அழிச்சிருவாருன்னு நம்பிப் போயிட்டாங்களாம்."

கலியாணசுந்தரத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஊசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கைது செய்ய அங்கே ஆள் இல்லை. பாக்கியத்தின் கண்ணை எடுத்தவன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவனிடம் அவளை அனுப்பியது ஒரு நல்ல மனுஷனின் நல்ல ஏற்பாடு.

கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். "சார், அவங்ககிட்ட சொல்லுங்க. நான் பேசினதெல்லாம் தப்பு. மன்னிக்கணும். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க. நோட்டீஸை எல்லாம் மலாய்ல மாத்திடறேன்."

சேதுபதி சொன்னார். கமலவேணி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு பேசினாள். குரலை உயர்த்தவில்லை, கண் கலங்கவில்லை, ஆனால் நீளமாகப் பேசினாள்.

"என்ன சொல்றாங்க சார்?"

சேதுபதி வாயெடுத்தார். நிறுத்தினார். கமலவேணியின் பக்கம் திரும்பி, தயவுசெய்து இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். தனக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்றார்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். சேதுபதி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு நெஞ்சு கனத்தது.

"வேலைக்கு வர மாட்டாங்களாம்" என்றார் கடைசியில். "மன்னிக்கிறது பத்தி இப்ப பேச வேணாமாம். நீங்க பாக்கியம் அம்மா வீட்டுக்குப் போகணுமாம். நடந்தது என்னன்னு உங்க வாயால அவங்ககிட்ட சொல்லணுமாம். இவங்களும் கூட வருவாங்களாம். நீங்க தமிழ்ல என்ன சொல்றீங்கங்கறதை, ஒரு வார்த்தை விடாம நான் இவங்களுக்குச் சொல்லணுமாம்."

மல்லிகா உரித்த படத்தை எடுத்து அட்டையோடு சேர்த்து வைத்தாள்.

கலியாணசுந்தரம் ஊசியை மேசையில் வைத்தார். உருண்டு போகாமல் இருக்கிறதா என்று பார்த்தார். "எப்ப போகணும்?" என்று சேதுபதியைக் கேட்டார்.

சேதுபதி அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கமலவேணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப" என்றாள், தமிழில்.